கொப்பி உறையில் வட கடல்

ஹார்லெசீல், ஜேர்மனி
19.06.2024

செலஸ்ரீனா அக்காவுக்கு,

நான் உங்களோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு அலுவலுக்காக எழுதுகிறேன். போன் எடுத்தால் நீங்கள்தான் கதைப்பீர்கள், நான் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று சொல்லிக்கொண்டு நிற்பேன். கடிதத்தில் நான் முடிக்கும்வரைக்கும் நீங்கள் குறுக்கே வர ஏலாது.

நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்கிற சிஞ்ஞோர் விர்த்சியின் வீட்டுக் கொரிடோரில் இரண்டு நீளக் குழாய்கள் நின்றன அல்லவா, தாள் சுருட்டி வைக்கிற கறுப்புக் குழாய்கள்? இரண்டும் ஒரே மாதிரி. ஒன்றில் அவர் முந்தி சார்தீனியாப் பக்கம் பாய் விரித்து ஓடிய காலத்துக் கடல் வரைபடங்கள். அவை வீசுகிறதுக்கு. மற்றதில் இந்த வட கடல் கரையின் வரைபடங்கள் ஐந்து. "செருப்புத் தட்டுக்குப் பக்கத்திலை நிக்கிறதை நீ எடு, கதவடியிலை நிக்கிறதை உன்ரை அக்கா வீசுவா" என்று அவர் சொன்னார். நான் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றதைத்தான் எடுத்தேன். ஒரு பிளேன், இரண்டு ரெயின், ஒரு பஸ். ஒரு இடத்திலும் அதைக் கீழே வைக்கவில்லை. கக்கூசுக்குப் போனபோதும் தோளில்தான் கிடந்தது.

இங்கே வந்து வள்ளத்தில் ஏறித் திறந்தால், உள்ளே சார்தீனியா.

அவருடைய செத்துப்போன மனிசி, சிஞ்ஞோரா ஊற்றா, இந்தக் கரையில் பிறந்தவ என்பது உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு கோடை இவர்கள் இரண்டு பேரும் இந்தத் தீவுகளுக்குள் ஓடித் திரிந்திருக்கிறார்கள். எந்த மணல்மேட்டுக்குப் பக்கத்தில் நங்கூரம் போடலாம், எந்தத் தீவில் நல்ல பாண் விற்கும் என்று அந்த மனிசி பென்சிலால் வரைபடம் முழுக்க எழுதி வைத்திருந்தாவாம். அவ போய் இரண்டு வருசம். இந்த முறை அந்தக் கையெழுத்தின்படி ஒருதரம் போய் வர வேண்டும் என்றுதான் சிஞ்ஞோர் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். இங்கே மணல் வருசத்துக்கு வருசம் இடம் மாறுகிறபடியால் ஓடுவதற்கு எப்படியும் புதுப் படம் வேண்டும், அதைத் துறைமுகக் கடையில் வாங்கிவிட்டோம். புதுப் படத்தில் சிஞ்ஞோராவின் எழுத்து இல்லை, அதுதான் பிரச்சினை.

கத்தியிருந்தாலும் பரவாயில்லை. அவர் என்னைப் பார்த்து மெதுவாக, "உன்ரை அக்கா எனக்குச் சொன்னவ, நான்தான் கேக்கேல்லை" என்றார்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மார்ச் மாதம், அவருடைய குசினியில். நான் மரக்கறிப் பையோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். "றொஜர் நல்ல பெடியன் சிஞ்ஞோரே, ஆனால் கையிலை குடுத்ததைத் தொலைச்சுப்போடுவான்." ஓம், மூன்று வருசத்துக்கு முன்னம் உங்கள் குடும்பம் இத்தாலியில் இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ கடுதாசிகளை ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ஏறின பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினேன். எட்டு மாதம் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு அலைந்தீர்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஒரு பைலுக்காகக் கோயிலடி முழுக்க எனக்குத் 'தொலைச்சான்' என்று பெயர்.

என்னுடைய வேலைக் கொந்த்ராத்தோ செப்டெம்பர் முப்பதோடு முடிகிறது. புதுப்பிக்கிற கதையை எடுத்தால் "பலேர்மோ போய்ப் பாப்பம்" என்கிறார். வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ இல்லை. பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் திரும்பவும் ஊருக்கு, பேசாலைக்குத்தான்.

உங்களிடம் அந்த வீட்டுத் திறப்பு இருக்கிறது. தேடிப் பாருங்கள். துறைமுகக் கந்தோர் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

றொஜர்


பிரான்காச்சோ, பலேர்மோ
27.06.2024

என் தம்பி றொஜருக்கு,

மூன்று மாதம் கழித்து உன் கையெழுத்தைக் கண்டேன். 'ஞாபகம்' என்று எழுதியிருந்ததில் பிழை ஏதும் இல்லை, சந்தோசம். அங்கே குளிராம், சுவெற்றர் போடு. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

நீ சொன்னபடி சிஞ்ஞோரின் வீட்டை முழுக்கத் தேடினேன். அலுமாரிக்கு மேலும் பார்த்தேன். காணவில்லை. பிளேனில் வேறு ஆருடையதோடும் மாறியிருக்குமோ? அப்படியும் நடக்கும். அந்தப் பழைய தாளிலேயே அவருக்கு அவ்வளவு விருப்பமா, இல்லாவிட்டால் நாலு நாளில் மறந்துவிடுவாரா? கேட்டு எழுது.

பள்ளிக்கூடம் பூட்டிவிட்டார்கள், கோயிலில் கோடைகாலத் தமிழ் வகுப்பு தொடங்கியாயிற்று. இந்த முறை பத்தொன்பது பிள்ளைகள். புதுப் புத்தகங்கள் வந்தன, எல்லாவற்றுக்கும் நானே உறை போட்டுக் கொடுத்தேன். வடிவாக

29.06.2024

தம்பி, மேலே எழுதியது பொய். கிழித்தெறிய மனம் வரவில்லை. உன்னுடைய அக்கா எவ்வளவு இலேசாகப் பொய் எழுதுகிறாள் என்று நீயும் பார்.

நீங்கள் புறப்படுவதற்கு முதல் நாள் காலமை அந்தக் கொரிடோரைத் துடைத்தேன். துடைக்க வேண்டும் என்றால் நிலத்தில் நிற்கிறதை எல்லாம் எடுக்க வேண்டும். இரண்டு குழாய்களையும் எடுத்துக் குளியலறைக்குள் சாத்தினேன். காய்ந்த பிறகு கொண்டு வந்து வைத்தேன். எதை எங்கே வைத்தேன் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. பின்னேரம் போகும்போது கதவடியில் நின்றதை, அவர் வீசச் சொன்னதுதான் என்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் திறந்து பார்த்தால் நல்ல தடித்த தாள், ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று. மற்றப் பக்கம் பென்சிலால் கிறுக்கிக் கிடந்தது. கிறுக்கிக் கிடக்கிறபடியால்தான் வீசுகிறார் என்று நினைத்தேன். நாங்கள் பேசாலையில் தை மாதம் பிறந்தால் கலண்டர் தாளுக்கு வீடு வீடாகத் திரிந்து கொப்பிகளுக்கு உறை போட்டது உனக்குத் தெரியும். இந்த நாட்டில் கலண்டர் தாளும் மெல்லிசு. இதைக் கண்டதும் எனக்குக் கை துறுதுறு என்றது. ஒரு தாளை நாலாக வெட்டினேன். ஐந்து தாளில் இருபது துண்டு. பிள்ளைகளுக்குப் பத்தொன்பது, நான் பெயர் கூப்பிடுகிற இடாப்புக்கு ஒன்று. வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய மடித்து, பிள்ளைகளின் பெயரை மாக்கரால் எழுதினேன்.

உன் கடிதத்தில் "வட கடல் கரையின் வரைபடங்கள் ஐந்து" என்ற இடம் வந்ததும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். ஸ்ரீபன் அத்தான், "என்னப்பா, ஊரிலை ஆருக்கும் ஏதுமோ?" என்று ஓடி வந்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது றொஜர். பதினொரு வருசம் அந்த வீட்டில் வேலை. பொலிதேயாமாவில் நான் செய்கிற மற்ற இரண்டு வீடும் அவர் சொல்லித்தான் கிடைத்தது. என்னிடம் திறப்பைத் தந்துவிட்டு மாதக்கணக்கில் போகிற மனிசனின் செத்த மனிசியை நான் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறேன். இதை எந்த வாயால் சொல்வது?

பதினைந்து நாள் தா. அவரிடம் ஒன்றும் சொல்லாதே. நான் துண்டுகளைச் சேர்க்கிறேன்.

அக்கா


ஹார்லெசீல்
07.07.2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்து முடித்ததும் கடலுக்குள் எறிய எழும்பினேன். மூன்று வருசம் என்னைத் தொலைச்சான் என்று சொன்ன வாய், பதினைந்து நாள் தா என்று கேட்கிறது. நான் உங்களிடம் ஒரு நாள் கேட்டிருந்தாலும் தந்திருப்பீர்களா?

ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

இங்கத்தைக் கடல் ஒரு இடத்தில் நிற்காது. பேசாலையில் வற்றும் பெருக்கும் முழங்கால் அளவு. பலேர்மோவில் அதுவும் இல்லை. இங்கே ஒரு நாளைக்கு இரண்டு தரம் மூன்று மீற்றர் ஏறி இறங்கும். இறங்கினால் தீவுக்கும் கரைக்கும் நடுவில் கடலே இல்லை, சேறுதான். சனம் காற்சட்டையை மடித்துவிட்டு நடந்து போகும். வரைபடத்தில் அந்த இடங்களுக்குப் பச்சை நிறம் அடித்திருக்கிறார்கள். பச்சை என்றால் பாதி நாள் கடல், பாதி நாள் தரை. அதற்குள் ஆறு மாதிரி ஒடுங்கின ஓடைகள் ஓடும், வள்ளம் அதற்குள்ளால்தான் போக வேண்டும்.

வியாழக்கிழமை காலமை உங்கள் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த தீவுக்கு வெளிக்கிட்டோம். சுக்கான் என் கையில். சிஞ்ஞோர் கீழே கோப்பி போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தால் தண்ணீருக்குள் வரிசையாக மரக்கொப்புகள் நட்டு நிற்கின்றன, கூட்டுகிற தும்புத்தடி மாதிரி. எங்கள் கரையில் கடலுக்குள் கொப்பு நின்றால் அது ஆரோ ஒருவனுடைய தொழில். கணவாய் மீன் பிடிக்க நட்டிருப்பான், இல்லாவிட்டால் வலை கட்டியிருப்பான். கிட்டப் போய் வலையை அறுத்தால் அடிதான். அந்த மரியாதைக்கு நான் நல்லாக விலத்தி ஓடினேன். விலத்தி ஓடி, எட்டரை மணிக்கு வள்ளத்தைச் சேற்றில் ஏற்றினேன். வற்று நேரம். கொஞ்ச நேரத்தில் கடல் எங்களைச் சுற்றி எழும்பிப் போய்விட்டது. வள்ளம் வெறுந்தரையில் நிற்கிறது, பக்கத்தில் ஒரு நண்டு நடந்து போகிறது.

சிஞ்ஞோர் கோப்பியோடு மேலே வந்து நாலு பக்கமும் பார்த்தார். வழக்கம்போல என் பெயரை இத்தாலியனாக்கிக் கேட்டார், "றுஜ்ஜேரோ, அந்தக் கொப்புக்கு ஏன் இவ்வளவு விலத்தினனீ?"

"அது ஆரின்ரையோ வலை, சிஞ்ஞோரே."

இங்கே அந்தக் கொப்புகள்தான் பாதையாம். ஓடையின் கரையைக் காட்டுவதற்கு ஒவ்வொரு வருசமும் புதிதாக நடுவார்களாம். ஆழமான தண்ணீர் கொப்புக்குக் கிட்டத்தான் இருக்குமாம். நான் வலைக்காரனுக்குக் காட்டின மரியாதையைச் சொன்னதும் அவர் சிரித்தார். இங்கே வந்த நாளிலிருந்து முதல் தரம் சிரித்தார். பிறகு, "முதல் வருசம் நானும் இதே பிழை விட்டனான். கொப்பு எஞ்சின் காத்தாடிக்குள்ளை சிக்கும் எண்டு பயந்து விலத்தினனான். ஊற்றா எனக்கெண்டு படத்திலை எழுதி வைச்சவள். எந்தத் தாளிலை எழுதினவள் எண்டு இப்ப ஞாபகம் இல்லை, இனிப் பாக்கவும் ஏலாது" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்கள் கடிதம் என் காற்சட்டைப் பைக்குள் கிடந்தது. உண்மையைச் சொன்னால் உங்களுக்கு மூன்று வீடும் போய்விடும். உங்கள் மகள் ஜெசிக்கா படிக்கிற பிள்ளை. நான் தனி ஆள். அதனால், "சிஞ்ஞோரே, நான்தான் வெளிக்கிடேக்கை குழாயை மாறி எடுத்துப்போட்டன். மற்றது குப்பையோடை போயிருக்கும். பிழை என்ரை" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "சொன்னதுக்கு நன்றி. பலேர்மோ போய்ப் பாப்பம்." பின்னேரம் மூன்று மணிக்குத்தான் கடல் திரும்பி வந்தது.

ஏன் சொன்னாய் என்று கேட்க வேண்டாம். எனக்கு அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறது, ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு எதற்கு? துண்டுகளை எரித்துவிடுங்கள். ஒருவருக்கும் காட்ட வேண்டாம்.

றொஜர்


பிரான்காச்சோ
08.07.2024

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. கோபம் இருக்கும், இருக்கட்டும். நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்பது நாளாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஸ்ரேசனடியில் ஏழு வீடு, பிரான்காச்சோவில் மிச்சம். தாய்மாருக்கு விளங்கவில்லை. "ரீச்சர், குடுத்த உறையை ஏன் திருப்பிக் கேக்கிறியள்?" என்று அனுசனின் தாய் கிளறா என்னை மேலும் கீழும் பார்த்தா. மரக்கறிக் கடையில் மண்ணிறத் தாள் வாங்கிக்கொண்டு போய், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அந்தந்த வீட்டுக் கதிரையில் இருந்தே புது உறை போட்டுக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி. இனிமேல் ஒரு மாதத்துக்குத் தேத்தண்ணி வேண்டாம்.

அனுசனின் துண்டில் மீன்குழம்பு ஊற்றுப்பட்டிருக்கிறது, ஒரு தீவின் பாதி மஞ்சள். நிரோசினி மடிப்பில் மினுங்குகிற முத்து ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தாள். எல்லாவற்றையும் மேலே துணி போட்டு மெல்லிய சூட்டில் ஸ்திரிக்கை பிடித்தேன். பென்சில் அழியவில்லை, மாதாவே என்று மூச்சு விட்டேன். விறாந்தை நிலத்தில் பரப்பி அத்தானும் நானும் முழங்காலில் நின்று துண்டுக்குத் துண்டு பொருத்தினோம். அவர் சொன்னார், "நீ வெட்டினாலும் நேரா வெட்டியிருக்கிறாய்." அந்த மனிசன் பாராட்டுகிற நேரம் அது.

பத்தொன்பது கிடைத்தது. ஒன்று கிடைக்கவில்லை. சயந்தினி தர மாட்டேன் என்கிறாள். ஏழு வயசு. உறையைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள், உட்பக்கத்தில் சிஞ்ஞோரா மணலில் படுத்திருக்கிற கடல்நாய் ஒன்றைக் கீறியிருக்கிறா. "இது என்ரை ஃபோக்கா, மாயெஸ்த்ரா. நான் பேர் வைச்சிட்டன்" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பறித்தெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் எல்லாருடைய வீட்டுக்கும் போன பிறகுதான் என் இடாப்பின் உறையைக் கழற்றினேன். அதன் ஓரத்தில், சின்னச் சின்ன எழுத்தில், இத்தாலிய மொழியில் ஒரு வசனம்: "அல்தோ, கொப்புக்குக் கிட்டப் போ. பயப்படாதே, அது உனக்காகத்தான் நட்டிருக்கு." அல்தோ எங்கள் சிஞ்ஞோர்தான், ஆனால் என்ன கொப்பு, எங்கே நட்டது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அதை வாசித்துவிட்டு அழுதேன். மூன்று கிழமையாக நாளுக்கு இரண்டு தரம் அதைத்தான் கையில் பிடித்துப் பெயர் கூப்பிட்டிருக்கிறேன்.

பதினைந்து நாள் கேட்டேன். அது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இன்றைக்குப் பின்னேரம் எல்லாத் துண்டுகளையும் அட்டைக்கு நடுவில் வைத்து சிஞ்ஞோரின் பெயருக்குப் பார்சல் பண்ணிவிட்டேன். உள்ளே ஒரு கடிதம். ஜெசிக்கா திருத்தித் தருகிறேன் என்றாள், நான் விடவில்லை, பிழையோடு போகட்டும். குழாயை மாற்றி வைத்ததும் நான், வெட்டியதும் நான், என் தம்பி ஒன்றையும் தொலைக்கவில்லை, மார்ச் மாதம் உங்கள் குசினியில் அவனைப் பற்றி நான் சொன்னது அநியாயம் என்று எழுதினேன். வீட்டுத் திறப்பையும் அதற்குள் வைத்துவிட்டேன்.

மூன்று வீடும் போனால் போகட்டும். சாந்தா றொசாலியாவின் மலைக்கோயிலுக்கு ஏறி இறங்கின காலும் கையும் இருக்கிறது.

அக்கா


பிரான்காச்சோ
16.07.2024

மடையா,

எரிக்கச் சொல்லி நீ எழுதினது இன்றைக்குத்தான் வந்தது. பார்சல் போய் எட்டு நாள்.

இப்போது என்ன செய்வது? நான்தான் மாற்றினேன் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான்தான் மாற்றினேன் என்று நீ வாயால் சொல்லியிருக்கிறாய். அந்த மனிசன் ஆரை நம்புவார்? அக்காவும் தம்பியும் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தால் உன்னுடைய கொந்த்ராத்தோவும் போய்விடுமே. ஆர் உன்னைக் கேட்டது? உன்னைப் பற்றி நான் அப்படிக் கதைத்த பிறகும் எனக்காக ஏன் தலையைக் கொடுத்தாய்?

எனக்காக இப்படி ஒருவரும் செய்ததில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அத்தானுக்குக் காட்டவில்லை, அவர் அழுவார்.

பார்சல் வந்ததா என்று உடனே எழுது. எனக்குச் சோறு இறங்குதில்லை.

அக்கா


ஹார்லெசீல்
23.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் சாப்பிடுங்கள். பிறகு வாசியுங்கள்.

பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. சிஞ்ஞோர் மேசையில் வைத்து உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். என்னைக் கூப்பிட்டார். நான் சுற்றிக்கொண்டு நின்ற பாய்க் கயிற்றைப் போட்டுவிட்டுப் போனேன்.

"குழாயை மாத்தினது ஆர்?"

"நான், சிஞ்ஞோரே."

அவர் உங்கள் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். "அப்ப இது ஆரின்ரை திறப்பு?"

என்னையும் திறப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரைக்கும் சிரித்தார். "நாப்பது வருசம் கப்பல் கட்டுற இடத்திலை எஞ்சினியரா இருந்தனான். ஒரு பிழைக்கு ஒருத்தனும் நான்தான் எண்டு முன்னுக்கு வந்ததில்லை. இஞ்சை ஒரு பிழைக்கு ரெண்டு பேர் நிக்கிறியள்." அக்கா, எனக்கு அப்போதுதான் கால் நிலத்தில் பட்ட மாதிரி இருந்தது. நானும் சிரித்தேன், கண்ணால் தண்ணீர் வந்தது.

பிறகு துண்டுகளை எடுத்துப் பரப்பினோம். மேசையில் இடம் காணாது, வள்ளத்துக்குள் நிலம், கட்டில் எல்லாம் கடல். உங்கள் இடாப்பின் துண்டை அவர் கையில் எடுத்தபோது நான் வெளியே போய் நின்றேன். அது அவருக்கும் அந்த மனிசிக்கும் இடையில் உள்ளது. கனநேரம் கழித்துக் கூப்பிட்டு, "றுஜ்ஜேரோ, இதைத்தான் சொன்னனான், வாசிச்சுப் பார்" என்று தந்தார். நீங்கள் விளங்கவில்லை என்று எழுதிய அந்தக் கொப்புதான், நான் விலத்தி ஓடிச் சேற்றில் ஏறின அதே கொப்பு.

பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளைகளின் பெயர் என்றேன். அழிக்கட்டுமா என்றதற்கு, "தொடாதை" என்று அதட்டினார். இப்போது எங்களுக்கு மணல்மேடுகளுக்கெல்லாம் புதுப் பெயர். "நிரோசினிக்குத் தெற்காலை போ", "அனுசனிலை நங்கூரம் போடு" என்கிறார். அனுசனை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்துவிட்டு, இந்தக் குழம்பை உன்ரை அக்கா எனக்கு ஒருநாளும் வைச்சுத் தரேல்லை என்று குறைப்பட்டார்.

சயந்தினியின் துண்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டு வாங்கி அனுப்பச் சொல்லட்டுமா என்றேன். தலையை ஆட்டி, "வேண்டாம். ஊற்றா அந்தக் கடல்நாயை ஆருக்காவது காட்டத்தான் கீறினவள். பிள்ளையிட்டையே இருக்கட்டும்" என்றார்.

துண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், சயந்தினியின் துண்டு இருக்க வேண்டிய ஓட்டை எந்த இடம் தெரியுமா? நாங்கள் சேற்றில் ஏறின இடம்தான். சனிக்கிழமை அதே வழியால் திரும்ப வர வேண்டியிருந்தது. "புதுப் படத்தை எடு, அந்த இடத்தைப் பாக்க வேணும்" என்று சிஞ்ஞோர் சொன்னார்.

"தேவையில்லை சிஞ்ஞோரே. அதுக்கு மேலை ஆறரை மணித்தியாலம் இருந்தனான்."

சுக்கானை என்னிடமே விட்டார். கொப்புக்கு அவ்வளவு கிட்டப் போனேன், கையை நீட்டினால் சுள்ளி தட்டுப்படும். அவர் முன்னுக்கு நின்று ஒவ்வொரு கொப்பையும் தொட்டுக்கொண்டே வந்தார். ஒருதரமும் அடி தட்டவில்லை.

நேற்றுக் காலமை நான் கேட்காமலே கொந்த்ராத்தோவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருசத்துக்கு. 'பலேர்மோ போய்ப் பாப்பம்' என்ற கதையே இல்லை. அதையும் உங்கள் திறப்பையும் இத்தோடு வைத்திருக்கிறேன். திறப்பு எப்போதும்போல உங்களிடமே இருக்கட்டுமாம். ஆனால் இனிமேல் கொரிடோரைத் துடைத்தால் எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்கச் சொன்னார்.

பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். குவெஸ்தூராவுக்குக் கொண்டு போகும்போது பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிவிடாதீர்கள்.

தம்பி
றொஜர்


பிரான்காச்சோ
31.07.2024

என் தம்பிக்கு,

வந்தது. இரண்டும் வந்தது. கொந்த்ராத்தோவை மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, அரை மணித்தியாலத்தில் மூன்று தரம் எடுத்துப் பார்த்தேன். சோறும் சாப்பிட்டேன், இரண்டு கோப்பை. மூன்று வீட்டுக்கும் வழக்கம்போலப் போய் வருகிறேன். சிஞ்ஞோர் வந்து இறங்குகிற அன்றைக்கு அந்தக் குழம்பு வைப்பேன் என்று சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் தேத்தண்ணிக்கு நின்ற இடத்தில் நான் கதிரையில் ஏறி நின்றேன். அத்தான் சட்டையைப் பிடித்து இழுத்தார், நான் இறங்கவில்லை. "இனி என்ரை தம்பியைத் தொலைச்சான் எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது. தொலைச்சது நான்" என்று முழுக் கதையையும் சொன்னேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கிளறா மட்டும், "அப்ப அதுக்குத்தானோ உறையைத் திருப்பிக் கேட்டனியள்?" என்றா. திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் பிள்ளைகள் எனக்குத் 'தொலைச்சா ரீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. அந்தப் பெயர் எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவில்லை, ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

சயந்தினியிடம், உன்ரை ஃபோக்கா படுத்திருக்கிற இடத்திலைதான் என்ரை தம்பி வள்ளத்தோடை குந்திக்கொண்டு இருந்தவன் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பென்சில் எடுத்துக் கடல்நாய்க்குப் பக்கத்தில் உன்னையும் கீறினாள். தலை பெரிசு, கால் சின்னன். உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

வாற பதினோராம் திகதி ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு உனக்குப் போன் எடுப்பேன், பயப்படாமல் எடு. நீ கதை. நான் "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்று கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

அக்கா